மூன்று மணிச் சிக்னல்

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தனியாக வசிக்கும் குலாம் ரசூலின் போன் மூன்று மணிக்கு அடித்தது. அடையாறு ஆய்வகத்திலிருந்து ஜுவேரியா.

“சார், இன்னிக்கும் சிக்னல் நின்னுடுச்சு. பட்டை கையிலதானே இருக்கு? சாப்பிட்டீங்களா?”

“கையிலதான் கெடக்குதும்மா. சாப்பாடும் ஆச்சு.”

உடம்புச் சூட்டை மின்சாரமாக்கி, அதைக்கொண்டே ஆய்வகத்துக்குச் சிக்னல் அனுப்பும் நானோ கம்பிகள் பதித்த பட்டை அது. சோதனைக்காக இருபது நாளாகக் கட்டியிருக்கிறார்.

“சென்னை வெயில்தான் காரணம் சார். உடம்பும் காத்தும் ஒரே சூடானா கரண்ட் வராது. நாளைக்குக் காலையில இங்கேருந்தே கம்பிக்குக் குடுக்கிற மின்புலத்தைக் கூட்டிடறேன். அப்புறம் துளி வித்தியாசம் இருந்தாலே போதும். தினம் போன் பண்ணித் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

“இதுல என்னம்மா தொந்தரவு?”

மறுநாள் மூன்றாக ஐந்து நிமிடம் இருக்கையில், வழக்கம்போல் பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.