பணிவுக்கருவி

ஏச்சுப்பேச்சு இல்லாமல் வேலை வாங்குவது எப்படி என்று இரும்பாலையில் விவாதம் நடந்தபோது, எல்லோர் காதிலும் பணிவுக்கருவி மாட்டலாம் என்று முதலில் கை தூக்கியவள் மரகதம்தான். யார் என்ன கத்தினாலும் அடுத்தவர் காதில் மரியாதையாகத்தான் விழும். எப்படி விழுந்தது என்பது கத்தியவருக்கும் கேட்கும்.

கருவி மாட்டியபின் ஒரு நாள், உடன் வேலை செய்யும் சேவியரின் தலைக்கு மேலே கிரேன் சங்கிலி அறுந்துகொண்டிருப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"டேய், ஓடுடா!"

"நேரம் கிடைக்கும்போது சற்று நகர முடியுமா?" என்றது கருவி.

"இந்த போல்ட்ட முடுக்கிட்டு வர்றேங்க்கா" என்றான் சேவியர், குனிந்தபடியே.

அவனை அடக்கம் செய்த மறுநாள், மீட்டிங்கில் மரகதம் அலறினாள். "தூக்கிப் போடுங்கய்யா இந்தச் சனியன! ஆளையே கொன்னுடுச்சு!"

"கருவியில் சிறு திருத்தம் செய்யலாம் என்பது என் பணிவான கருத்து" என்று அவள் காதில் ஒலித்தது.

எல்லோரும் கை தட்டினார்கள்.