நாலாவது தலை

தாய்மாமன் சென்னிமலை துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு என் தலையைச் சுற்றத் தொடங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மணவறையில் மாப்பிள்ளை கண்ணை மூடினால் பக்தி என்று நினைப்பார்கள். எனக்கோ பயம்.

உருமால், அதாவது மாப்பிள்ளைத் தலைப்பாகை, பெண் தன் கையால் நெய்ததாக இருக்க வேண்டும். ஒட்டுப் போடக்கூடாது. வேறு துணியும் சேர்க்கக்கூடாது. ராசிபுரத்து நெசவுக்காரர்களில் எங்கள் வகையறாவுக்கு இது மாறாத வழக்கம். வழக்கமாக நெய்கிற அளவு ஏழு முழம்.

ஏழு முழம் மனுஷன் தலைக்குப் போதும். என் தலைக்குப் போதாது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் பையன்கள் எனக்கு வைத்த பேர் 'அண்டா மாஸ்டர்'. ஆட்டையாம்பட்டியில் பார்த்த பெண், கதவிடுக்கில் என்னை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மாட்டவே மாட்டேன் என்று அழுதாளாம். அதனால்தான் இந்தத் தடவை பெரியவர்களே பேசி முடிக்கட்டும் என்று நான் பெண் பார்க்கவே போகவில்லை. மணப்பெண் சௌந்திரமும் என்னைப் பார்த்ததில்லை. இப்போது உருமால் முனை செருக எட்டாமல் நின்றுவிட்டால், முதல் பார்வையிலேயே ஊரோடு சேர்ந்து அவளும் சிரிப்பாள்.

சிரிப்பு எனக்குப் புதிதில்லை. போன ஆவணியில் ஊர்ச் சாவடியில் 'மனிதன் வந்த வழி' என்று பிரசங்கம் செய்தேன். சயின்ஸ் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? பொழுது சாய்ந்த நேரம், பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். டிராயிங் மாஸ்டர் வீரபாகு வெள்ளைச் சுவரில் கரியால் தலைகளை வரைந்தார்.

முதல் தலை, இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவன். நடக்கத் தெரிந்துவிட்டது, மூளை மட்டும் கொஞ்சம். இரண்டாவது, கல்லைக் கூராக்கியவன். சற்றுப் பெரிசு. மூன்றாவது, நெருப்பை வைத்துக் காத்தவன். இன்னும் பெரிசு. நாலாவது இன்றைய மனிதன். அதற்குப் புஸ்தகம் எதற்கு என்று என்னையே விளக்குக்கு முன்னால் நிற்கவைத்து, சுவரில் விழுந்த நிழலைச் சுற்றிக் கோடு இழுத்துவிட்டார் பாவி மனுஷன்.

"ஏனுங் வாத்தியாரே, மூளை இன்னும் வளந்துச்சுன்னா ஊட்டு வாசப்படியெல்லாம் இடிச்சுத்தான் கட்டோணுமுங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

சாவடியே சிரித்தது. பெண்கள் பக்கம், கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு மட்டும் எல்லாரும் நிறுத்திய பிறகும் நிற்கவில்லை. அது யார் என்று தெரியாது. ஆனால் பல நாள் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

மறுநாள்தான் சௌந்திரம் வீட்டிலிருந்து 'பொண்ணுக்குச் சம்மதம்' என்று தகவல் வந்தது. நல்லவேளை, அவள் சாவடிப் பக்கம் வரவில்லை என்று பெருமூச்சு விட்டேன்.

மாமன் ஐந்தாவது சுற்றுக்கு வந்திருந்தார். துணி இருந்தது.

ஆறாவது. இருந்தது.

ஏழு, எட்டு. மாமன் கை ஓய்ந்து நின்றார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். தாம்பாளத்தில் இன்னும் மூன்று மடிப்பு பாக்கி.

"என்ன சாமி இது, அனுமார் வாலாட்டம் முடியவே மாட்டீங்குது!" என்றார் மாமன்.

பந்தல் கொல்லென்று சிரித்தது. என்னைக் கிண்டல் செய்யவென்றே நெய்து அனுப்பியிருக்கிறார்களா?

அதற்குள் பெண்ணைக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். குனிந்த தலை நிமிரவில்லை. ஆனால் தோள் குலுங்கியது. பந்தல் அடங்கிய பிறகும் ஒரு சிரிப்பு மட்டும் நிற்காமல் கேட்டது.

அதே சிரிப்பு.

தாலி கட்டி, பந்தி முடிந்து, வெற்றிலை மடிக்கிற நேரத்தில் மெல்லக் கேட்டேன். அன்று சாவடிக்கு வந்திருந்தாயா?

"கூட்டம் மறைச்சதுல உங்களை எங்கீங்க பார்த்தேன்? விடிஞ்சதும் மறுக்காப் போயி, செவுத்துல அந்த நாலாவது தலையைச் சுத்தி நூல் வெச்சு அளந்துட்டு வந்தேனுங்க. உருமாலுக்கு அந்த அளவுதான்" என்றாள்.

விளக்கை ஒட்டி நிற்கிறவனின் நிழல் ஒன்றுக்கு ஒன்றரையாகச் சுவரில் விழும். அஞ்சாம் வகுப்புப் பாடம். சொல்ல வாயெடுத்தேன்.

வெற்றிலையைப் போட்டு அடைத்துக்கொண்டேன்.

அத்தனை பெரிய தலை என்று நூல் வைத்து அளந்து பார்த்துவிட்டுத்தானே, அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சம்மதம் சொல்லியிருக்கிறாள்!