தம்பிக்கென்று ஒரு மணி நேரம்

மனநல மருத்துவரின் சோபாவில் நீட்டிப் படுத்திருந்த வழுக்கைத் தலைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"எல்லாமே அண்ணனுக்குத்தான் டாக்டர். ஜன்னல் சீட்டு, புது சைக்கிள், அம்மா மடி... எனக்குன்னு எதுவுமே கிடைச்சதில்ல."

"அந்தச் சின்னப் பையன் இன்னும் உங்களுக்குள்ள உக்காந்து அழுதுட்டிருக்கான்," என்றார் மருத்துவர். "கவலைப்படாதீங்க. இந்த ஒரு மணி நேரம் முழுக்க உங்களுக்குத்தான். யாரும் பிடுங்க முடியாது."

வழுக்கைத் தலைக்காரர் குஷனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கதவு படாரென்று திறந்தது. வரவேற்பறைப் பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"டாக்டர், அப்பாயின்ட்மென்ட் வாங்கினவர் வெளிய நின்னு கத்துறார். அவர் காரை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள, துணைக்கு வந்த தம்பி உள்ள புகுந்துட்டாராம்!"

சோபாவில் இருந்தவர் அசையவில்லை. குஷனை மட்டும் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா டாக்டர்? இதையும் பிடுங்க வந்துட்டான்!"