சத்தத்துக்குப் பத்துக்குப் பத்து

மூன்றாவது ஆட்டம் தொடங்குமுன் மனைவி வந்து சோபாவுக்குப் பக்கத்தில் நின்றதும், தராசு ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை அடைத்தான்.

அந்த வீட்டில் அதுவே பெரிய மரியாதை.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. புதிதாக வரும் வீடியோ கேம்களை நேரலையில் ஆடிக்காட்டி, பிடித்ததையும் பிடிக்காததையும் சொல்லி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவான். பார்க்கிறவர்கள் வைத்த பெயர் அது. இன்றைக்கு மூன்று ஆட்டங்கள். இரண்டு முடிந்து, கொஞ்ச நேரம் இடைவேளை விட்டிருந்தான்.

முதல் ஆட்டத்தில், காணாமல் போன மனைவியைத் தேடி ஒருவன் ஏழு ராஜ்ஜியம் தாண்டிப் போகிறான். பொண்டாட்டிக்காக ஒருத்தன் இவ்வளவு தூரம் போகிறானே என்று தராசு உருகினான். ஒன்பது போட்டான்.

இரண்டாவது, கார்ப் பந்தயம். அதில் மழை மழை மாதிரியே இல்லை என்று கறாராக மூன்று மதிப்பெண் குறைத்தான். அந்த நேரம் மொட்டைமாடியில், அவன் எடுக்கிறேன் என்று சொன்ன துணிகள் அசல் மழையில் நனைந்துகொண்டிருந்தன. மனைவிதான் ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

அவள் மருத்துவமனையில் நர்ஸ். தலைமை நர்ஸாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது, கூடவே வேறு ஊருக்கு மாற்றலும். ஒரு வாரமாக அவனிடம் இதைப் பேச வருகிறாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் ஏதாவது ஒரு கோட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்துடும். கூட வர்றீங்களா, இல்லையா? வரலைன்னாலும் பரவாயில்ல. வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இந்த ஒண்ண மட்டும் முடிச்சுட்டுச் சொல்றேன்மா."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவனுக்கு அவள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. நானும் வருகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். டிவியும் சோபாவும் இருந்தால் அவனுக்கு எந்த ஊராக இருந்தால் என்ன? ஆனால் ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று அவனிடம் யார் சொல்வது. எதையும் ஆறப்போட்டே வளர்ந்த பிள்ளை.

மூன்றாவது ஆட்டம், அழுக்கேறிய ஒரு வீட்டைச் சுத்தம் செய்வது. தேய்க்க வேண்டும், கழுவ வேண்டும், துடைக்க வேண்டும். சொந்த வீட்டில் குடித்த டம்ளரைக்கூட அலம்பி வைக்காதவன், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

முக்காலியில் நின்ற கைபேசி டிவியைப் படம்பிடித்து அனுப்பத் தொடங்கியது. திரையில் ஒரு பாத்திரக் குவியல் வந்தது. தராசு பொத்தானை அழுத்தினான். குழாய் திறந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சத்தம் பின்பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வந்தது. அறையைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர் மாட்டியபோது, எதற்கு இத்தனை என்று மனைவி கேட்டாள். இதற்குத்தான்.

"கண்ண மூடிட்டுக் கேளுங்க. தட்டு மேல தட்டு அடுக்குற சத்தம். ஸ்பூன் கீழ விழுது பாருங்க. யாரோ மூக்க உறிஞ்சுறாங்க, கேட்டுச்சா? என்னா நுணுக்கம்!"

பக்கத்தில் இருந்த லேப்டாப்பில் பார்க்கிறவர்களின் பாராட்டு கொட்டியது. ஒருவன் மட்டும் குறுக்கே விழுந்தான். அண்ணே, இதே ஆட்டத்தை நானும் வாங்கி ஆடுகிறேன், எனக்கு மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வரவே இல்லையே, அது எத்தனையாவது லெவல் என்று கேட்டிருந்தான்.

அதுக்கெல்லாம் நல்ல ஸ்பீக்கர் வேணும் தம்பி என்று அவன் வாயை அடைத்தான் தராசு.

குழாய்ச் சத்தம் நின்றது. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று தரையில் உருண்டு, பின்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போய் நின்றது. நின்றது, நகரவே இல்லை. இவ்வளவு நீளமான மௌனத்தை ஒரு கேமில் வைக்க எத்தனை தைரியம் வேண்டும் என்று தராசு வியந்தான்.

அப்புறம் ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கதை சுமார்தான், வீட்டில் மனுஷங்களே இல்லை, ஆனால் சத்தத்துக்குப் பத்துக்குப் பத்து என்று அறிவித்தான். இதற்குமுன் எந்த ஆட்டத்துக்கும் அவன் கை பத்து போட்டதில்லை.

திரையில் தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அப்போதுதான் டிவியின் மூலையைப் பார்த்தான். குறுக்கே கோடு போட்ட சின்ன ஸ்பீக்கர் படம் அங்கே இருந்தது. மனைவி பேச வந்தபோது அவன் அடைத்த சத்தம். திரும்பத் திறக்கவே இல்லை.

ரிமோட்டை அழுத்தினான். பொம்மைக்குள் இருந்து வருவதுபோல ஒரு கீச்சு இசை ஐந்து ஸ்பீக்கரிலும் அலறியது. தண்ணீருக்கென்று அந்த ஆட்டத்தில் தனிச் சத்தமே கிடையாது.

சத்தத்தை அடைத்துவிட்டு ஓடினான். அடுப்படியில் எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருந்தது. அலமாரி மேல் இருந்த பெட்டி இல்லை. வாசற்கதவை இழுத்துத் திறந்தான்.

"நில்லும்மா! நானும் வர்றேன்! நானும் வர்றேன்!"

வீடே அதிரும்படி கத்தினான். கடைசி வார்த்தையில் குரல் உடைந்துபோனது. வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தது.

பைக் சாவியைத் தேடி உள்ளே ஓடிவந்தபோது லேப்டாப் கண்ணில் பட்டது. நேரலை ஓடிக்கொண்டிருந்தது. குரல் நடிப்புக்கு வரிசையாகப் பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள். இரண்டு பேர் அழுதேவிட்டார்களாம்.

மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வரவில்லையே என்று கேட்ட அந்தத் தம்பி மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்திருந்தான். காரணத்தையும் எழுதியிருந்தான்.

குரல் கொஞ்சம் லேட்டா வருதுண்ணே.