டவுன் பஸ் நிற்குமா

"டீச்சர், போன பாடத்து மாம்பழம்லாம் எங்க போச்சு?"

வகுப்பு சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் புத்தகம்; அச்சுக்குப் போகுமுன் அவள் வகுப்பில் நடத்திப் பார்த்தாள். ஆறு ஊரிலிருந்து ஆறு பேர் இணையத்தில் ஒரே கோப்பில் எழுதினார்கள். அவரவருக்குப் பிடித்த உதாரணம். ஒருவருக்கு மாம்பழம். நாகர்கோவில் தேவநேசனுக்குக் கிரிக்கெட். தென்காசி ஆசிரியையான அவளுக்கு நட்சத்திரங்கள்.

பாடம் மாறும்போதெல்லாம் பிள்ளைகள் தொலைந்துபோனார்கள். அன்றுதான் அது அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் மாலை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

காலையில் ஆறு பேரும் இணைய அழைப்பில் கூடினார்கள்.

"ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே உதாரணம் வேணும்" என்றாள்.



"டவுன் பஸ் வச்சுக்கிட்டா என்ன?"

கேட்டவள் கீழக்கரை மெஹருன்னிசா. அதுவரை தன் பாடத்தை எழுதியது போக, அடுத்தவர் பாடங்களில் பிழை மட்டும் திருத்திக்கொண்டிருந்தவள்.

அவ்வளவுதான். ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. நிரலில் வரும் பட்டியலுக்கு பஸ் இருக்கைகள்! ஒவ்வொரு ஸ்டாப்பும், திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சுற்று!

"எம்மா, இது ஏன் நமக்கு முதல்லயே தோணல?" தேவநேசன் கத்தியேவிட்டார்.

அவளுக்குக் கை பரபரத்தது. தன் பாடத்தில் பஸ்ஸை வைத்துப் பார்த்தாள்.

நட்சத்திரங்களைவிட நன்றாகவே பொருந்தியது.

நட்சத்திரங்களை வைத்து எழுதிய பதினோரு பக்கம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு.

அழித்தாள்.

ஒரு மூச்சு நேரம் வலித்தது. அதற்குள் கோப்பு முழுக்க, மற்ற ஐவர் எழுதும் இடத்தைக் காட்டும் ஐந்து வண்ணக் கோடுகள் துள்ளி ஓடத் தொடங்கியிருந்தன. கிரிக்கெட் மைதானத்தில் கண்டக்டர் விசில் அடித்தார். மாந்தோப்பு பஸ் ஸ்டாண்டு ஆனது. யாரோ டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கோழியை ஏற்றிவிட்டார்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவளுடைய பாடம் நிபந்தனை. இப்படி இருந்தால் இதைச் செய் என்று கணினிக்குச் சொல்வது.

வெற்றுப் பக்கத்தில் முதல் வரியை அடித்தாள்.

இருக்கை எல்லாம் நிரம்பியிருந்தால்

"நிக்காமப் போயிரும்" என்றார் தேவநேசன். "நம்ம ஊர்ல அதானே நடக்கு."

"சார், இதைப் படிக்கிற புள்ளதான் ஸ்டாப்புல நிக்குது" என்றாள் மெஹருன்னிசா.

ஓடிய கோடுகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஐந்து பேரும் அவள் பக்கத்தையே பார்த்திருந்தார்கள்.

பஸ் நிற்கும் என்று அடித்தாள். அதன் கீழே இன்னொரு வரி:

உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள்.