நாற்பத்தொரு வரிகள்

முற்பகல் வெயில் திரையில் விழுந்து எழுத்துகளை மங்கலாக்குகிறது. ஆலையின் கணினிப் பதிவுகளைக் கவனிக்கும் அவளுக்குப் பின்னால் மேலாளர் நிற்கிறார். "'வாயுக் கசிவு'ன்னு வர்ற வரியிலெல்லாம் 'சோதனை'ன்னு மாத்திடும்மா. ஒரே கமாண்ட்தானே? தொழிற்சாலை ஆய்வாளர் கீழ வந்துட்டார்." அவள் முதலில் அந்த வரிகளை மட்டும் தேடுகிறாள். நாற்பத்தொரு வரிகள் கடகடவென்று திரையில் இறங்குகின்றன. பதினேழாவதில், மயங்கி விழுந்தவர் என்ற இடத்தில் அவள் அண்ணனின் பணி எண் இருக்கிறது. அவன் இன்னும் இருமலோடு வீட்டில் கிடக்கிறான். மாற்றும் கட்டளையை அடித்து முடித்தவள், என்டரைத் தொடாமல் அதை எழுத்தெழுத்தாக அழிக்கிறாள். "என்னம்மா பண்றே?" "மாத்த மாட்டேன் சார்." வேறொரு கட்டளை அடிக்கிறாள். மூலையிலிருக்கும் பிரிண்டர் உறுமி, அத்தனை வரிகளையும் தாளில் துப்புகிறது. சூடு ஆறாத தாளை எடுத்துக்கொண்டு, "வழி விடுங்க," என்கிறாள். அவர் நகரவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு படியிறங்குகிறாள்.