பத்து நிமிடத்துக்கு ஒருமுறை

மணிக்கட்டு வளையங்கள் அளக்கும் நாடித்துடிப்பை நேரலையில் சர்வருக்கு அனுப்பும் அடாப்டர் என்ற இணைப்பு நிரலை அகல்யா ஜாவாஸ்கிரிப்டில் எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது செயலியைத் திறந்து பார்த்தால் மட்டுமே துடிப்பு ஓடிவரும். அப்போது வளையத்தில் பச்சை விளக்கு எரியும். சோதனைக்குப் பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவின் வளையத்தையே இணைத்திருந்தாள். இன்று காலை சோதனையை நிறுத்தி வேலையை ஒப்படைத்தாள். மதியத்துக்குள் அடுத்த அடாப்டர் கழுத்தைப் பிடித்தது. அப்போதுதான் அம்மா அழைத்தாள்.

“ஏட்டி, ஒனக்கு ஒடம்புக்கு முடியலியா? காலையிலேர்ந்து லைட்டே எரியல.”

“நல்லாத்தாம்மா இருக்கேன். ஏன்?”

“இருவது நாளா பத்து நிமிசத்துக்கு ஒருக்கா என்னப் பாத்துக்கிட்டே இருந்தியே. எரியும்போதெல்லாம் நானும் அந்த லைட்டப் பாத்து ரெண்டு வார்த்த பேசுவேன். இன்னைக்குப் பேச ஆளில்ல.”

பார்த்தது அவளல்ல, அவள் எழுதிவைத்த சோதனை நிரல். இருபது நாளில் ஒருமுறைகூட அவள் திறந்து பார்க்கவில்லை.

“வேலைம்மா. இனிமே பாக்கேன்.”

பார்க்கத்தான் நினைத்தாள். அதற்குள் மேலாளரின் அழைப்பு துடித்தது. அவசர அவசரமாகச் சோதனை நிரலை மறுபடி ஓடவிட்டாள். ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றினாள்: சரியாகப் பத்து நிமிடம் என்றிருந்ததை, ஒரு மகள் நினைத்தபோதெல்லாம் பார்ப்பதுபோல முன்னும் பின்னுமாகக் கலைத்துவிட்டாள்.